பிள்ளை இருக்கிற வீட்டில் சேவல்



கோழி வளர்ப்பைப் பற்றி நாம் பேசாத விஷயம் குறைவு. கூடு கட்டுவது, அடை வைப்பது, குஞ்சைக் காப்பாற்றுவது எல்லாம் கூட்டங்களில் திரும்பத் திரும்பப் பேசியாகிவிட்டது. ஆனால் சேவலைப் பற்றித் தனியாக யாரும் பேசுவதில்லை. லயத்தில் யாரைக் கேட்டாலும், "நம்ம சேவல் ரொம்ப சாது சார், புள்ளைங்க தூக்கி வச்சி வெளையாடுதுங்க" என்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்வதில்லை. ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் குற்றம் என் மேல்தான்.

என் தங்கச்சி குடும்பம் திருகோணமலையில், சீனக்குடாவில் இருக்கிறது. 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டை விட்டு வன்னிக்கும் திருகோணமலைப் பக்கமும் போய்க் குடியேறிய சனங்களில் மச்சானுடைய குடும்பமும் ஒன்று. அவர்கள் வளவில் நின்று பார்த்தால் துறைமுகத்துத் தண்ணீர் தெரியும். ஒரு முருங்கை, இரண்டு தென்னை, ஒரு கிணறு. பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவளுக்கு அப்போது ஆறு வயது, சின்னவனுக்கு மூன்று.

ஒரு லீவுக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு என்ன கொண்டுபோகலாம் என்று யோசித்து, பக்கத்து லயத்தில் பொரித்த ஊர்க்கோழிக் குஞ்சு மூன்றை பால்மாப் பெட்டியில் ஓட்டை போட்டு எடுத்துப் போனேன். ஹட்டனிலிருந்து கண்டி, அங்கிருந்து மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று பஸ்ஸில் அன்று முழுக்க. கந்தளாய் வெக்கையிலேயே ஒரு குஞ்சு போய்விட்டது. இன்னொன்றை மறுநாள் காகம் தூக்கிற்று. மிஞ்சியது ஒன்று. அதுதான் சேவல். தோட்டத்திலிருந்து வந்தவர் என்பதால் மச்சான் அதற்கு "துரை" என்று பெயர் வைத்தார். பெயர் பொருந்தித்தான் போனது. வளர வளர வளவு முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பெரட்டு பார்க்கிற மாதிரியே நடந்தது.

தாய்க்கோழி இல்லை, கூடப்பிறந்ததும் இல்லை. ஆகையால் துரை பிள்ளைகளின் மடியிலேதான் வளர்ந்தது. மூத்தவள் உள்ளங்கையில் குறுணல் வைத்து ஊட்டுவாள். சின்னவன் பால் குடித்தால் அதுவும் பக்கத்தில் நிற்கும். போனில் கூப்பிட்டால் பிள்ளைகள் என்னை விசாரிப்பதற்கு முன்னே, "மாமா, துரை என்ர மடியில நித்திரை கொள்ளுறார்" என்பார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தோட்டத்தில் நாலு பேரிடம் சொன்னேன்.

ஆறு மாதம் போயிருக்கும். ஒரு காலையில் சின்னவன் வாசற்படியில் உட்கார்ந்து ரொட்டித்துண்டைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். தங்கச்சி கிணற்றடியில். துரை ஓடிவந்து எகிறிப் பாய்ந்தது. பிள்ளை பயந்து கத்திக்கொண்டு எழும்பி ஓட, பின்னாலே போய் இன்னொரு தரம். கன்னத்தில், கண்ணுக்கு ஒரு விரலகலம் கீழே, கிழிந்து இரத்தம். ஆஸ்பத்திரியில் இரண்டு தையல் போட்டார்கள். கண் தப்பியது. அந்த ஒரு விரலகலத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

"மச்சான், உங்கட துரையை நீங்களே கொண்டு போங்கோ, இல்லாட்டி ஞாயிற்றுக்கிழமை சட்டிக்குள்ள போடப் போறன்" என்று மச்சான் போன் எடுத்தார். நியாயமான கோபம். மூத்தவள் அடுத்த பக்கத்தில் அழுகிற சத்தமும் கேட்டது.

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நன்றி கெட்டது என்ற கருத்தில் சொல்வது. பிறகு மிருக வைத்தியரிடமும், கோழியோடு முப்பது நாற்பது வருடம் பழகிய பாட்டிமாரிடமும் விசாரித்த பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அந்தச் சேவல் நன்றி கெட்டதில்லை. அதற்குப் பிள்ளை யார் என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

மடியில் வளர்ந்த சேவல் ஏன் பாய்கிறது

கோழிக்குஞ்சு முதல் நாட்களில் யாரோடு இருக்கிறதோ அவரையே தன் இனம் என்று எடுத்துக்கொள்ளும். தாய்க்கோழியோடு வளர்ந்த குஞ்சுக்கு மனிதன் வேறு, தான் வேறு. கிட்ட வந்தால் கொஞ்சம் ஒதுங்கும். அந்த ஒதுங்குதல்தான் பிள்ளைகளுக்குக் காவல். தனியாகப் பிள்ளைகளின் கையில் வளர்ந்த குஞ்சுக்கு அந்த ஒதுங்குதல் கிடையாது. அது பேடாக இருந்தால் பெரிய தொல்லை இல்லை, காலைச் சுற்றிக்கொண்டே திரியும். சேவலாக இருந்தால் நாலு ஐந்து மாதத்தில் கூவத் தொடங்கும், கொண்டை சிவக்கும், உடம்பில் சேவல் குணம் ஏறும். அப்போது அது தன் கூட்டத்தில் யார் பெரியவர் என்று பார்க்கும். அதன் கூட்டம் யார்? உங்கள் பிள்ளைகள்தான்.

கோழிக் கூட்டத்தில் மேல் கீழ் உண்டு. எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்தலாம், எது எதற்கு வழி விடவேண்டும் என்று ஒரு வரிசை இருக்கும். இதை முதலில் முறையாக எழுதி வைத்தவர் நோர்வே நாட்டைச் சேர்ந்த ஷெல்டெரப் எப்பே என்பவர். சிறு பையனாக இருக்கும்போதே வீட்டுக் கோழிகளைப் பார்த்துக் குறிப்பு எழுதத் தொடங்கி, 1920களின் தொடக்கத்தில் அதை ஆராய்ச்சியாக வெளியிட்டார். பெரிய ஆளைச் சேவல் சுலபத்தில் எதிர்க்காது. பெரிய உருவம், நிதானமான நடை. மூன்று வயதுப் பிள்ளை அப்படியா? உயரம் குறைவு. ஓடும், கத்தும், கையை ஆட்டும், திடீரென்று குனியும். ஒரு சேவலின் கண்ணுக்கு இது இன்னொரு இளஞ்சேவல் சண்டைக்கு வருகிற மாதிரிதான். பயந்து திரும்பி ஓடினால் "நான் தோற்றேன்" என்று சொன்ன மாதிரி. மறுநாளும் வரும்.

உயரத்தை நன்றாக யோசித்துப் பாருங்கள். பெரியவர்களுக்குச் சேவல் பாய்ந்தால் முழங்காலில் அல்லது பின்காலில் படும். வாசற்படியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அதே பாய்ச்சல் முகத்தில் படும். போதாததற்கு மினுங்குகிற எதையும் கொத்திப் பார்ப்பது கோழியின் சுபாவம். பிள்ளையின் தோடு மினுங்கும். கண்ணும் மினுங்கும்.

தங்கச்சி வீட்டில் அறிகுறி முன்னமே இருந்திருக்கிறது. பாய்வதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே துரை ஒரு பக்கத்துச் செட்டையைத் தரையில் படும்படி இறக்கி, பிள்ளையின் காலைச் சுற்றிப் பக்கவாட்டில் சின்னச் சின்ன அடி வைத்து ஆடுமாம். "துரை டான்ஸ் ஆடுறார்" என்று எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். எனக்குப் படமும் அனுப்பினார்கள், நானும் சிரித்தேன். அது விளையாட்டு இல்லை. பேட்டிடம் காட்டுகிற ஆட்டம் அது, எதிராளிச் சேவலிடம் காட்டுவதும் அதே ஆட்டம்தான். இதைப் பார்த்தால் அன்றைக்கே கவனமாகிவிடுங்கள். கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு நேரே பார்ப்பது, ஒன்றும் இல்லாத தரையைக் கொத்திக்கொண்டே ஓரக்கண்ணால் உங்களைப் பார்ப்பது, நீங்கள் திரும்பி நடந்தால் பின்னாலே ஓடி வருவது, வாளியையும் விளக்குமாற்றையும் பாய்ந்து அடிப்பது, இவையும் அப்படித்தான். இன்று வாளி, நாளைக்குப் பிள்ளை.

இன்னொரு காரணமும் உண்டு. நம் லயங்களில் நான் கண்ட கொத்துகளில் கூடுதலானவை இப்படி வந்தவைதான். பிள்ளை ஓடிப்போய் ஒரு குஞ்சைப் பிடிக்கும். குஞ்சு கீச்சென்று கத்தும். தாய்க்கோழி ஒரு பக்கம், சேவல் ஒரு பக்கம் பாயும். இதில் சேவலைக் குற்றம் சொல்ல முடியாது. அது தன் கடமையைச் செய்கிறது. கூவுகிற சேவல் ஒன்று குடும்பத்துக்கு எதற்கு இருக்கிறதோ அதற்குத்தான் இருக்கிறது.

சேவல் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள்

நான் வீடு வீடாகப் போகும்போது தாய்மார் பலபேர் நினைத்திருப்பது, சேவல் இல்லாவிட்டால் கோழி முட்டை இடாது என்று. அப்படி இல்லை. சேவல் இல்லாமலே கோழி முட்டை இடும். அந்த முட்டையில் பிள்ளைக்குக் கிடைக்கிற சத்தும் குறையாது. குஞ்சு பொரிக்க வேண்டுமென்றால்தான் சேவல் வேண்டும். வீட்டில் தவழுகிற பிள்ளையும் ஓடுகிற பிள்ளையும் இருந்து, உங்களுக்கு முட்டை மட்டும் போதுமென்றால் இரண்டு மூன்று பேடு வையுங்கள், சேவலை விட்டுவிடுங்கள். குஞ்சு வேண்டும் என்ற நேரத்தில் சேவல் வைத்திருக்கிற வீட்டில் முட்டை மாற்றிக்கொண்டு அடை வைக்கலாம். இருபத்தொரு நாளில் குஞ்சு வரும். நம் லயங்களில் முட்டை மாற்றுவது புதுப்பழக்கம் இல்லையே.

குஞ்சு பொரிக்கவும் வேண்டும், காவலும் வேண்டும் என்றால் சேவல் வையுங்கள். நான் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நல்ல சேவல் வீட்டுக்கு அழகு. முருகன் கொடியில் இருப்பதும் அதுதான். சூரன் பிளந்து ஒரு பாதி சேவலாகவும் மறுபாதி மயிலாகவும் ஆனான் என்று கந்தபுராணக் கதை. சேவல் வளர்க்கிறவர்கள் அந்தக் கதையை மறக்கக்கூடாது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. முருகனிடம் அடங்கி நின்றாலும் உள்ளே இருப்பது சூரன்தான்.

எடுக்கும்போது குஞ்சாக எடுக்காதீர்கள். குஞ்சில் எது சேவல், எது சாது என்று யாருக்கும் தெரியாது. தாய்க்கோழியோடும் கூட்டத்தோடும் வளர்ந்து ஒரு வயது தாண்டிய சேவலாகப் பாருங்கள். முதல் வருடத்தில்தான் சேவலுக்குத் துடிப்பு அதிகம். அது கழிந்த பிறகு உள்ள குணம் பெரும்பாலும் நிலைத்த குணம். வாங்கப் போகிற வீட்டிலும் சின்னப்பிள்ளைகள் இருந்தால் நல்லது. அந்தப் பிள்ளைகள் கிட்டப் போகும்போது சேவல் என்ன செய்கிறது என்று பத்து நிமிடம் நின்று பாருங்கள். மெல்ல ஒதுங்கிப் போகிறதா, அது நல்லது. நின்று முறைத்துப் பார்க்கிறதா, வேண்டாம். தீனி போட்டுப் பாருங்கள். நல்ல சேவல் தானியத்தைக் கண்டதும் தானே விழுங்காது. "குக் குக் குக்" என்று பேடுகளைக் கூப்பிட்டு, தானியத்தை எடுத்து எடுத்துக் கீழே போட்டுக் காட்டும். அப்படிக் கூப்பிடுகிற சேவலை நம்பி வாங்கலாம். பேடுகளை அடித்து விரட்டி முதலில் தின்கிறதை நான் வாங்க மாட்டேன்.

இங்கே நான் "சாது" என்ற சொல்லுக்குக் கொடுக்கிற அர்த்தத்தைச் சொல்லவேண்டும். மடியில் ஏறுகிற சேவல் சாது இல்லை. பிள்ளை வந்தால் அவசரப்படாமல் இரண்டு எட்டு விலகி நிற்கிற சேவல்தான் சாது. மற்றது பழக்கம் முற்றினது.

திருகோணமலைக் காட்டுப் பக்கம் போகிறவர்கள் சில நேரம் காட்டுக்கோழிக் குஞ்சைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அது நம் நாட்டில் மட்டும் இருக்கிற இனம், இலங்கையின் தேசியப் பறவை. நம் வீட்டுக் கோழியின் வழி வேறு. அது தென்கிழக்கு ஆசியாவின் செங்காட்டுக்கோழியிலிருந்து வந்தது. காட்டுக்கோழி வீட்டில் பழகாது. காட்டிலேயே விட்டுவிடுவதுதான் சரி.

வைத்திருக்கிறவர்கள் கவனிக்க

பேடு எத்தனை இருக்கிறது என்பது முக்கியம். ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பேடு இருக்கலாம். லயத்தில் அவ்வளவு முடியாது, தெரியும். நாலு ஐந்தாவது இருக்கட்டும். ஒரு பேட்டோடு ஒரு சேவல் என்று வைத்தால் பேட்டின் முதுகு உரிந்துபோகும். பேடே இல்லாத சேவல், துரை மாதிரி, பிள்ளைகளைத்தான் சுற்றும். ஒரே வளவில் இரண்டு சேவல் வேண்டாம். வரிசை லயத்தில் ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு சேவல் என்று நின்றால் நாள் முழுக்கச் சண்டைதான். குறுக்கே மாட்டுவது இஸ்தோப்பில் விளையாடுகிற பிள்ளைகள். பக்கத்துக் காம்பராக்காரரோடு பேசி நாலு வீட்டுக்கு ஒரு சேவல் என்று வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது. அதிகாலைச் சத்தமும் குறையும். சேவல் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கூவுகிறது என்று நாம் நினைக்கிறோம். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தார் 2013இல் காட்டியது வேறு. இருட்டிலேயே வைத்தாலும் அதன் உடம்புக்குள் இருக்கிற மணிக்கூடு சொல்லும் நேரத்துக்கு, விடியுமுன்னே கூவுகிறதாம். ஆகவே கூட்டை இருட்டாக்கி மூடினால் சத்தம் கொஞ்சம் அடங்கும், அடியோடு நிற்காது. கைக்குழந்தை இருக்கிற காம்பராச் சுவரோடு கூட்டைச் சாய்த்து வைக்காதீர்கள்.

ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைச் சேவலோடு தனியாக விடக்கூடாது. இது ஒன்றில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. "ரெண்டு நிமிசந்தானே" என்பதெல்லாம் வேண்டாம். தங்கச்சி கிணற்றடிக்குப் போனதும் இரண்டு நிமிடம்தான். பிள்ளை கையில் தீனி வைத்து ஊட்டவும் விடவேண்டாம். பிள்ளைக்கு ஆசையாக இருந்தால் ஒரு சிரட்டையில் தீனியைக் கொடுத்து, பெரியவர் பக்கத்தில் நிற்க, தரையில் கொட்டிவிட்டு நாலு எட்டு பின்னால் வரச் சொல்லுங்கள். ரொட்டி, பிஸ்கட், கருவாட்டுத் துண்டு எதையும் கையில் வைத்துக்கொண்டு கோழி நிற்கிற இடத்தில் பிள்ளை உட்காரக்கூடாது. குஞ்சைப் பிடிக்கக்கூடாது. சேவல் கிட்ட வந்தால் ஓடாமல், கத்தாமல் நின்று அம்மாவைக் கூப்பிட ஐந்து ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம். மூன்று வயதுக்கு அது விளங்காது, அங்கே நீங்கள்தான் நிற்கவேண்டும்.

சேவல் பெரியவரை எதிர்த்தால் உதைக்கிறோம், தடியால் அடிக்கிறோம். அதில் பிழை இருக்கிறது. அடித்தால் சேவல் அதைச் சண்டை என்றே எடுக்கும். இன்று ஓடினாலும் நாளைக்குப் பின்பக்கமாக வரும். உங்களை வெல்ல முடியாவிட்டால் உங்கள் பிள்ளையிடம் காட்டும். பின்வாங்காமல் நேரே, மெல்ல அதை நோக்கி நடந்து, அது வழி விடும்வரை ஓட்டுங்கள். முடியுமானால் இரண்டு செட்டையையும் சேர்த்துப் பிடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அது அடங்கும்வரை பத்து நிமிடம் வேலையைப் பாருங்கள். சில நாள் இப்படிச் செய்ய அடங்குகிற சேவலும் உண்டு. அடங்காததும் உண்டு. பிள்ளையைப் பாய்ந்த சேவலுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்துப் பார்ப்போம் என்று இருக்கவேண்டாம். அது அந்த வளவில் இனி இருக்கக்கூடாது. சட்டியா, வேறு வீடா என்பது உங்கள் விருப்பம்.

கால் முள்ளைப் பார்த்துக்கொள்ளுங்கள். இளம் சேவலுக்கு மொட்டாக இருக்கும், வருடம் போகப் போக நீண்டு கூராகும். நுனியை மட்டும் அரத்தால் தேய்த்து மழுக்கலாம். இரவில், கூட்டில் தூங்கும்போது பிடித்தால் சுலபம். அடியோடு வெட்டக்கூடாது. உள்ளே எலும்பும் இரத்தமும் இருக்கிறது.

காயம் பட்டால்

முதலில் சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும் வைத்து நன்றாகக் கழுவுங்கள். கோப்பித்தூள், சுண்ணாம்பு, தேயிலைத்தூள் ஒன்றும் அப்பவேண்டாம். சேவல் முள் குத்தின காயம் வெளியே சின்னப் புள்ளியாகத் தெரியும், உள்ளே ஆழமாகப் போயிருக்கும். இரத்தம் வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். முகத்தில், கண்ணுக்குப் பக்கத்தில், மூட்டில் பட்டால் அன்றைக்கே டிஸ்பென்சரிக்கு அல்லது ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கண்ணிலேயே பட்டிருந்தால் தேய்க்காமல், மருந்து எதுவும் ஊற்றாமல் நேரே ஆஸ்பத்திரிதான். பிள்ளையின் கிளினிக் புத்தகத்தை எடுத்துப் போங்கள். ஏற்புவலிக்கான தடுப்பூசி எப்போது போட்டது என்று பார்த்துத்தான் இன்னொன்று வேண்டுமா என்று சொல்வார்கள். இரண்டு நாளில் வீங்கினாலோ, சிவந்து சூடாக இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ திரும்பவும் காட்டுங்கள்.

கோழி கொத்தினால் விசர் வருமா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வராது. அது நாய், பூனை மாதிரியான பாலூட்டும் மிருகங்களால் வருவது. பறவையால் வருவதில்லை.

கொழுந்தெடுக்கிற பெண்களுக்கு ஒரு வார்த்தை. நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களில் சிலருக்குக் காலில் இரத்த நாளம் முறுக்கிப் புடைத்திருக்கும். கர்ப்பிணிகளுக்கும் வரும். அந்த நாளத்தில் சேவல் கொத்தினால் இரத்தம் நிற்காமல் ஓடும். தென் அவுஸ்திரேலியாவில் எழுபத்தாறு வயது அம்மா ஒருவர் முட்டை பொறுக்கப் போன இடத்தில் இப்படிக் கொத்துப்பட்டு உயிர் விட்டதை 2019இல் வைத்தியர்கள் எழுதியிருந்தார்கள். பயப்படுத்தச் சொல்லவில்லை. அப்படி நடந்தால் உடனே படுத்து, காலை உயர்த்தி, துணியால் காயத்தை அழுத்திப் பிடிக்கவேண்டும். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது. அழுத்தினால் நிற்கிற இரத்தம்தான் அது.

கொத்தை விடப் பெரிய ஆபத்து

உண்மையைச் சொன்னால், கொத்துப்பட்ட பிள்ளைகளை விடக் கோழி எச்சத்தால் வயிற்றோட்டம் வந்த பிள்ளைகளையே நாம் அதிகம் பார்க்கிறோம். என்ன, யாரும் அதைக் கோழியின் கணக்கில் எழுதுவதில்லை. பெரு நாட்டின் தலைநகர் லீமாவில் ஏழைக் குடியிருப்புகளில், கோழி வீட்டுக்குள்ளே திரிகிற வீடுகளில் ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து பார்த்து 1990இல் எழுதினார்கள். தவழுகிற, நடை பழகுகிற பிள்ளைகள் தரையில் கிடக்கிற எச்சத்தைத் தொட்ட கையை வாயில் வைப்பதை அவர்கள் கண்ணாலேயே கண்டார்கள். நம் காம்பராவும் அப்படித்தான். திருடனுக்கும் கீரிக்கும் பயந்து இரவில் கட்டிலடியில் கூடையைக் கவிழ்த்துக் கோழியை வைக்கிறோம். காலையில் அதே தரையில் பிள்ளை தவழுகிறது.

கோழி சுகமாக இருக்கும்போதே அதன் குடலில் சல்மொனெல்லா போன்ற கிருமி இருக்கலாம். பார்த்தால் தெரியாது. சாதுவான சேவல் என்று பிள்ளை அதைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பதைச் சிரித்துக்கொண்டு பார்க்காதீர்கள். அதுவும் சாது என்பதால் வருகிற ஆபத்துத்தான். கூடு வெளியே இருக்கட்டும், இரவில் பூட்டுப் போட்டு. இஸ்தோப்புக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகைத் தட்டி வைத்தால் கோழி பறந்து வரும், உண்மைதான். ஆனால் பிள்ளை வெளியே தவழ்ந்து போகாது. பாதி வேலை அதில் முடிந்தது. கோழியைத் தொட்ட கை, முட்டை எடுத்த கை, கூடு கழுவின கை, சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும். பிள்ளைக்கும் சேர்த்து. எச்சத்தைப் பச்சையாகக் கீரைப்பாத்தியில் போடாமல் குப்பையோடு சேர்த்து மக்க வைத்துப் போடுங்கள்.

கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் பிள்ளைகளைத் தொட விடாதீர்கள், கறி ஆக்காதீர்கள். அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். ராணிக்கெட் தடுப்பு மருந்தும் அங்கே விசாரித்துப் போட்டுக்கொள்ளலாம்.

துரை சட்டிக்குப் போகவில்லை. மூத்தவளின் அழுகைக்கு மச்சான் இளகிவிட்டார். குச்சவெளியில் அவருடைய பெரியம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள், பேடு மட்டும் ஒன்பது பத்து நிற்கிறது. அங்கே போனபிறகு அந்தச் சேவலுக்கு மனிதர் நினைவே இல்லை. பெரியம்மா விளக்குமாற்றோடு போனாலும் ஒதுங்கித்தான் நிற்குமாம்.

தங்கச்சி வீட்டில் இப்போது வேறு சேவல். இரண்டு வயதுச் சேவலாகப் பார்த்து, மூன்று பிள்ளைகள் இருந்த வீட்டில் வாங்கினது. இந்த முறை நான் தலையிடவில்லை, மச்சானே போய் அரை மணி நேரம் நின்று பார்த்து எடுத்தார். அது யார் மடியிலும் ஏறாது. பெயரும் வைக்கவில்லை. துறைமுகத்துக்கு மேலே எப்போதும் செம்பருந்து வட்டம் போடும். முன்பு மாதத்துக்கு நாலு குஞ்சு போகும். பருந்தைக் கண்டால் இந்தச் சேவல் ஒரு பக்கத்துக் கண்ணால் வானத்தைப் பார்த்து, மெல்லியதாக நீட்டி ஒரு சத்தம் போடும். அத்தனை குஞ்சும் முருங்கையடிப் பற்றைக்குள் ஓடிவிடும். கீரியோ நாயோ தரையில் வந்தால் அந்தச் சத்தம் இல்லை, கொக்கரித்துக் கத்தும். வானத்துக்கு ஒரு சத்தம், தரைக்கு ஒரு சத்தம் என்று கோழிக்கு வேறு வேறாக உண்டென்பதை அவுஸ்திரேலியாவில் மக்குவாரி பல்கலைக்கழகத்திலும் ஆராய்ந்திருக்கிறார்கள்.

போனமுறை நான் போயிருந்தபோது திண்ணையில் பேசிக்கொண்டிருந்தோம். சின்னவன் கன்னத்தில் ஒரு கோடு இன்னும் இருக்கிறது. சேவல் அந்த மெல்லிய சத்தத்தைப் போட்டது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவன் என் கையைப் பிடித்து, "மாமா, மேல பாருங்கோ, பருந்து" என்றான்.